பெரியப்பாவின் பழைய பத்திரிகைகளும் ஏழு மாத ரிவ்யூவும்

காரைக்குடி செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் பெரியப்பா முப்பது வருடத்துக்கும் மேலாக அச்சகம் நடத்துகிறார். ஈய எழுத்தைக் கோத்து அடித்த காலத்தையும் பார்த்தவர், கணினி வந்து எல்லாம் டிடிபி ஆன காலத்தையும் பார்த்தவர். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை, சாந்தி கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அவரிடம் வரும். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள், "எங்க கல்யாணத்துக்கு அடிச்சீங்களே, அதே வாசகம் வேணும்" என்பார்கள். கோவில், பிரிவு, பெரியவர்கள் பெயர் வரிசை எதிலும் ஒரு எழுத்து மாறக்கூடாது. அதனால் பெரியப்பா இருபது வருடத்துக் கோப்புகளையும் பத்திரமாக வைத்திருந்தார். 2024 ஜூனில் அவருடைய பழைய கணினி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நான் என்னிடமிருந்த பழைய மடிக்கணினியில் ஃபெடோரா லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்து, ஹார்ட் டிஸ்கிலிருந்த கோப்புகளை ஏற்றினேன். திறந்து பார்த்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகள். அவை அத்தனையும் பாமினி எழுத்துருவில் அடித்தவை.

பாமினி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அது, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறை பரவுவதற்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருப்பார்கள். "அம்மா" என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில்தான் எழுத்து சேமிக்கப்படும். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும், உயிர்மெய்க் குறி பின்னால் வரும். ஆகவே மாற்றும் நிரல் எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். இதைச் செய்யும் சின்ன பைத்தான் நிரல் ஒன்று இணையத்தில் கிடைத்தது. பெரியப்பாவின் கோப்புகளில் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது. இது ஃபெடோராவிலேயே இருந்தால் எந்த ஊர் அச்சகக்காரரும் ஒரே வரியில் நிறுவிக்கொள்ளலாமே என்று தோன்றியது. இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஏழு மாதம் ஆனது. பக்கத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், தலைப்பில் சொன்ன ரிவ்யூ என்பது என்ன? ஃபெடோராவில் புதிய பேக்கேஜ் (ஒரே கட்டளையில் நிறுவும்படி தயாரித்த நிரல்) சேர வேண்டுமானால் இரண்டு கோப்புகள் தயாரிக்க வேண்டும். ஒன்று ஸ்பெக் கோப்பு. மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, அதை நிறுவத் தயாரான பேக்கேஜாக எப்படிக் கட்டுவது, எந்தெந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், உரிமம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று அந்த ஸ்பெக்கும் மூலநிரலும் சேர்ந்த மூல ஆர்பிஎம் என்ற ஒற்றைக் கோப்பு. இரண்டையும் பொதுவில் ஓரிடத்தில் ஏற்றிவிட்டு, பக்ஸில்லா என்ற பிழை பதியும் தளத்தில் ரிவ்யூ கேட்டு ஒரு விண்ணப்பம் போட வேண்டும். ஏற்கெனவே பேக்கேஜ் பராமரிப்பவர் ஒருவர் அதை எடுத்துப் பார்ப்பார். அவர் பார்க்க ஆரம்பித்தால் விண்ணப்பத்தில் கேள்விக்குறி விழும், திருப்தியானால் பிளஸ் விழும். முதல் பேக்கேஜ் என்றால் கூடுதலாக ஒரு ஸ்பான்சரும் வேண்டும். அதாவது, இவருக்கு நான் வழிகாட்டுகிறேன் என்று அனுபவமுள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பார்க்கிற எல்லோரும் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுத்துப் பார்க்கிறவர்கள். இது எனக்கு முதலில் புத்திக்குத் தெரிந்தது, மனதுக்குத் தெரிய நாளானது. விண்ணப்பம் போட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கத்தைத் திறந்து பார்த்த நாள்கள் உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் போட்டேன். முதல் அடி அன்றைக்கே விழுந்தது. என் கணினியில் அழகாகக் கட்டப்பட்ட பேக்கேஜ், தானியங்கிச் சோதனையில் தோற்றது. காரணம் எளிது. அந்த நிரலின் சோதனைகளில் ஒன்று மாதிரிக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கிப் பார்க்கும். ஃபெடோராவின் கட்டும் இயந்திரங்களில் கட்டும்போது இணையம் கிடையாது. அது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. இன்றைக்குக் கட்டினாலும் அடுத்த வருடம் கட்டினாலும் கையிலிருக்கும் மூலத்திலிருந்து அதே பொருள்தான் வர வேண்டும். நடுவில் எவரும் எதையும் நுழைக்க வழி இருக்கக்கூடாது. என் கணினியில் ஆண்டுக்கணக்கில் நிறுவிய நூறு பொருள்கள் இருக்கின்றன, இணையமும் இருக்கிறது. அங்கே ஓடியது என்பதற்கு மதிப்பே இல்லை. வெறும் அறையில் கட்டிப் பார்க்க மாக் என்ற கருவி இருக்கிறது. ஒரு குட்டி ஃபெடோராவைத் தனியாக உருவாக்கி, ஸ்பெக்கில் கேட்டதை மட்டும் அதில் நிறுவி, இணையத்தை மூடிவிட்டுக் கட்டும். விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இதில் ஒரு தடவை ஓட்டியிருந்தால் முதல் நாளே மூன்று பிழைகள் தெரிந்திருக்கும். அந்தச் சோதனை ஒன்று, ஸ்பெக்கில் எழுத மறந்த சார்புகள், அதாவது கட்டத் தேவையான பிற நிரல்கள், இரண்டு.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது வீட்டில் கேபிள் இணையம் பழுது. ஆறு வாரம் கைபேசி ஹாட்ஸ்பாட்தான். மாக் முதல் தடவை ஓடும்போது சில நூறு எம்பி இறக்கும். நானோ தெரியாமல் ஒவ்வொரு தடவையும் அதன் சேமிப்பையும் சேர்த்துத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். கூடுதல் டேட்டாவுக்கு மட்டும் 1,900 ரூபாய். மடிக்கணினியில் இடம் போதாமல் புது எஸ்எஸ்டி வாங்கியது 3,600 ரூபாய். பிறகுதான் ஃபெடோராவின் கோப்பர் என்ற கட்டும் சேவை பற்றித் தெரிந்தது. ஃபெடோரா கணக்கு இருந்தால் போதும், மூல ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டால் அவர்களுடைய இயந்திரத்திலேயே கட்டி முடித்துப் பதிவேட்டைக் காட்டிவிடும். சில கேபி மூல ஆர்பிஎம்மை ஏற்றினால் முடிகிற வேலைக்கு நான் ஜிபி கணக்கில் டேட்டா வாங்கியிருக்கிறேன். இணையம் மெதுவாக இருக்கிற ஊரில் இருப்பவர்கள் கோப்பரிலிருந்தே தொடங்குங்கள்.

இரண்டாவது அடிதான் மனதைக் கஷ்டப்படுத்தியது. மூலநிரலின் மாதிரிக் கோப்புறையில் ஒரு எழுத்துரு கிடந்தது. யாரோ கடையில் சிடியாக விற்ற எழுத்துரு. அதை மறுபடி விநியோகிக்க யாருக்கும் அனுமதி இல்லை. அது இருக்கக்கூடாது என்று எனக்கே தெரிந்ததால், மூலக் கட்டை (மூலநிரல் முழுவதையும் சுருக்கி வைத்த ஒற்றைக் கோப்பு) அவிழ்த்து, எழுத்துருவை எடுத்துவிட்டு, மறுபடி கட்டி, அதே பெயரில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லதுதானே செய்தோம் என்று நினைத்தேன். அக்டோபரில் ஒருவர் விண்ணப்பத்தை எடுத்தார். அவருடைய முதல் கேள்வி: உங்களிடமுள்ள மூலக் கட்டின் சரிபார்ப்பு எண்ணும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்), ஸ்பெக்கில் கொடுத்த முகவரியிலிருந்து நான் இறக்கிய கட்டின் எண்ணும் ஒன்றாக இல்லையே, ஏன்? கேள்வி அவ்வளவுதான். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நம்மைத் திருடன் என்று நினைக்கிறாரா என்று அன்றிரவு தூங்கவில்லை.

காலையில் ஆறி யோசித்தபோது அந்தக் கேள்வியின் நியாயம் புரிந்தது. அந்த வருடம் மார்ச் 29ஆம் தேதிதான் எக்ஸ்இசட் விவகாரம் வெளியே வந்தது. அநேகமாக எல்லா லினக்ஸிலும் இருக்கிற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகம் அது. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியாள் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்திருந்தார்கள். அதைத் தூண்டிவிடும் துண்டு எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்கென்று கட்டிய மூலக் கட்டில் மட்டும் இருந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் பிடிபட்டது. ஃபெடோராவின் வளர்ச்சிப் பதிப்பான ராஹைடிலும், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் வளர்ச்சிப் பதிப்பான அன்ஸ்டேபிளிலும் அந்தப் பதிப்புகள் அதற்குள் நுழைந்திருந்தன. ஆக, மூலக் கட்டு வேறாக இருக்கிறது என்றால் கேட்டே ஆக வேண்டும். கேட்காமல் விடுகிற ரிவ்யூவால் யாருக்கும் பயனில்லை. நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: எடுக்க வேண்டியதை எடுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை எழுதி, அதையும் பேக்கேஜோடு வைத்து, ஸ்பெக்கில் ஏன் எடுத்தேன் என்று இரண்டு வரி எழுதுவது. வேறு யாரும் அதே ஸ்கிரிப்டை ஓட்டி அதே கட்டைப் பெற முடிய வேண்டும். அதைவிட நல்ல வழி, நிரலை எழுதியவரிடமே கேட்டு அந்த எழுத்துரு இல்லாத புதிய பதிப்பு வெளியிடச் சொல்வது. நான் அவருக்கு எழுதினேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவருக்கு ஒரே சந்தோஷம், எழுத்துருவை எடுத்துவிட்டார். மாதிரிகளை லோகித் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றிக்கொண்டோம். அது ஏற்கெனவே ஃபெடோராவில் இருக்கிறது, திறந்த உரிமத்தில்.

ஆனால் அவருடைய பதிலில் இன்னொன்றும் இருந்தது. நிரலுக்கு ஜிபிஎல் மூன்று என்ற திறந்த உரிமம் போட்டிருந்தார், அதில் சிக்கல் இல்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்கிற அட்டவணை மட்டும் வேறொரு பழைய நிரலிலிருந்து எடுத்தது என்றார். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஐநூறாவது வரிக்கு மேல் ஒரு குறிப்பு: வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும். நான் மாதக்கணக்கில் வைத்திருந்த கோப்பு, ஒரு தடவைகூட அதுவரை இறங்கிப் படிக்கவில்லை. ரிவ்யூவர் அதற்குள் அதைக் கண்டுபிடித்து எழுதியிருந்தார். வணிகத் தடை உள்ள எதுவும் ஃபெடோராவில் சேராது. முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று பெரியப்பாவிடம் புலம்பினேன். அவர் பேப்பர் கட்டிங் மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நான் காசு வாங்கித்தானேப்பா பத்திரிகை அடிக்கிறேன். அப்ப எனக்கு இது ஆகாதுன்னு அர்த்தமா?" ஆமாம் என்பதைத் தவிர எனக்குப் பதில் இல்லை. யாருக்காக இந்த வேலையை ஆரம்பித்தேனோ, அவரையே அந்த ஒரு வரி வெளியே நிறுத்துகிறது. உரிமத்தை ஏன் வரிக்கு வரி பார்க்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு நாங்களே புதிதாகச் செய்வது என்று முடிவானது. மார்கழி மாதம், கல்யாணம் கிடையாது, அச்சகத்தில் வேலை குறைவு. சாயங்காலம் போய் உட்காருவேன். பாமினி நிறுவிய கணினியில் ஒவ்வொரு விசையாக, ஷிஃப்டோடும் ஷிஃப்ட் இல்லாமலும் அழுத்துவேன். 94 குறிகள், விசைப்பலகையில் நேராக வராத மேல் எண்களில் உள்ள வடிவங்கள் தனி. திரையில் வருவதைப் பெரியப்பா வாய்விட்டுப் படிப்பார், நான் லாங் சைஸ் நோட்டில் எழுதுவேன். கு, டி போன்றவற்றுக்கெல்லாம் தனித்தனி வடிவம் இருக்கும், அவற்றை அவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். முப்பது வருடத்துப் பழக்கம். பதினொரு சாயங்காலம் ஆனது. முதல் தடவை ஓட்டியபோது, ஒரு பழைய பத்திரிகையில் "வைரவன் கோவில்" என்ற இடத்தில் ஐகாரக் குறி தனியாகப் பிரிந்து, பக்கத்தில் புள்ளி வட்டத்தோடு நின்றது. கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வரிசை திருப்பிய நான் ஐகாரத்தை மறந்திருந்தேன். பெரியப்பாவுக்கு அது பெரிய விஷயம். கோவில் பெயர் பிழையாக வந்த பத்திரிகையை எந்த வீட்டிலும் வாங்க மாட்டார்கள். அந்த வரியையே ஒரு சோதனையாக எழுதிச் சேர்த்துவிட்டேன். இப்போது பேக்கேஜ் ஒவ்வொரு தடவை கட்டப்படும்போதும் ஃபெடோராவின் இயந்திரத்தில் "வைரவன் கோவில்" சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டுவது முடியும்.

இதற்கிடையில் ஸ்பான்சர் கிடைக்க வேண்டுமே. புதியவர்களுக்கு அங்கே ஒரு வழி சொல்வார்கள்: மற்றவர்களுடைய விண்ணப்பங்களை நீங்களும் ரிவ்யூ செய்து காட்டுங்கள். உங்கள் ரிவ்யூவுக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் கிடையாது, ஆனால் விதிகள் உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பது ஸ்பான்சருக்குத் தெரியும். என் முதல் ரிவ்யூவை நான் நாற்பது நிமிடத்தில் முடித்தேன். ஃபெடோரா ரிவ்யூ என்ற கருவி ஒன்று இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் எல்லாவற்றையும் இறக்கி, கட்டி, சோதித்து, நீளமான பட்டியலை எழுதித் தரும். கருவியே பார்த்துச் சரி என்றதற்கு எக்ஸ் குறி இருக்கும், தவறுக்கு ஆச்சரியக்குறி, மனிதர் பார்க்க வேண்டியதற்குக் காலிக் கட்டம். நான் ஓட்டினேன், ஆச்சரியக்குறி இல்லை, காலிக் கட்டங்களில் எல்லாம் எக்ஸ் போட்டேன், ஒட்டிவிட்டேன். மறுநாள் ஒரு மூத்தவர் தன்மையாகக் கேட்டார்: உரிமக் கோப்பில் எம்ஐடி உரிமம் என்றிருக்கிறது, உள்ளே ஒரு கோப்பின் தலைப்பில் ஜிபிஎல் இரண்டு மட்டும் என்று இருக்கிறதே, பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று குறி மட்டும் போட்டிருக்கிறேன். அந்த வெட்கம் பல நாள் இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தில் எக்ஸ் போடுவது கையெழுத்துப் போடுவது மாதிரி. அதை நம்பி முன்பின் தெரியாதவர்கள் தங்கள் கணினியில் நிறுவுவார்கள்.

அதற்குப் பிறகு ஆறு ரிவ்யூ செய்தேன், ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து மணி நேரம். கருவியைக் கடைசியில்தான் ஓட்டுவேன். முதலில் மூலக் கட்டை நானே இறக்கி, அவிழ்த்து, கோப்புறை கோப்புறையாகப் பார்ப்பேன். ஏற்கெனவே கட்டிய பைனரி ஏதாவது கிடக்கிறதா, எழுத்துரு, படம், ஒலி ஏதாவது இருக்கிறதா, அவை எங்கிருந்து வந்தன என்று எழுதியிருக்கிறதா, வேறொருவரின் நூலகத்தை அப்படியே உள்ளே நகலெடுத்து வைத்திருக்கிறார்களா? நகல் இருந்தால் அமைப்பில் உள்ள நூலகத்தைப் பயன்படுத்த வேண்டும், முடியாவிட்டால் உள்ளே இன்னது இன்ன பதிப்பு இருக்கிறது என்று ஸ்பெக்கில் அறிவிக்க வேண்டும். நாளைக்கு அந்த நூலகத்தில் ஓட்டை என்றால் எந்தெந்தப் பேக்கேஜைத் திருத்துவது என்று அப்போதுதான் தெரியும். பிறகு எல்லாக் கோப்பின் தலைப்பையும் உரிமத்துக்காகப் படிப்பேன். 2022லிருந்து ஃபெடோராவில் உரிமத்தின் பெயரை எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுக் குறியீட்டு முறையில் எழுத வேண்டும், பல உரிமம் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து. உரிம வாசகமே பேக்கேஜுக்குள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அப்புறம், நிறுவிப் பார்த்து ஒரு வேலையாவது செய்யச் சொல்வேன். பேக்கேஜ் கட்டப்பட்டது என்பது வேறு, ஓடுகிறது என்பது வேறு. ஆர்பிஎம்லின்ட் என்ற சோதனைக் கருவி சொல்லும் எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம். என் விளக்க வரியில் பாமினி என்ற சொல்லையே அது எழுத்துப்பிழை என்றது. எது உண்மையான குறை, எது இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும்.

என்னிடம் ஒருவர் இப்போது வழி கேட்டால், உங்கள் பேக்கேஜைப் போடுவதற்கு முன்னால் இரண்டு வாரம் பிறருடையதை ரிவ்யூ செய்யுங்கள் என்பேன். நான் தலைகீழாகச் செய்தேன். என் விண்ணப்பத்தில் நான்கு மாதமாக ஒவ்வொன்றாக வெளியே வந்த குறைகளை, மற்றவர் பேக்கேஜில் பார்த்திருந்தால் நானே முதல் நாளே கண்டிருப்பேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளியீட்டு எண்ணைக் கூட்டி, மாற்றக் குறிப்பு எழுதி, புதிய முகவரியைக் கொடுக்க வேண்டும் என்பதுகூட எனக்கு மூன்றாம் திருத்தத்தில்தான் தெரிந்தது. அதுவரை பழைய கோப்பின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன். எது பழையது எது புதியது என்று தெரியாமல் ரிவ்யூவர் ஒரு வாரத்தை வீணாக்கினார். அந்த ஒரு வாரத்துக்காக அவரிடம் மன்னிப்பு கேட்டேன்.

நஷ்டக் கணக்கில் பெரியது டேட்டாவும் எஸ்எஸ்டியும் இல்லை. நவம்பரில் ஒரு சின்ன வேலை கையில் இருந்தது, 18,000 ரூபாய்க்குப் பேசியது. ராத்திரி முழுக்க இந்தத் திருத்தங்களில் உட்கார்ந்து, பகலில் தூங்கி, கெடு தவறி, அது கையைவிட்டுப் போனது. வீட்டில் சில நாள் சரியாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆக மொத்தம் 23,500 ரூபாய். ரிவ்யூவில் யாரும் உங்களை ராத்திரி விழிக்கச் சொல்வதில்லை. விண்ணப்பம் மாதக்கணக்கில் திறந்தேதான் இருக்கும், ஒரு வாரம் கழித்துப் பதில் எழுதினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பதில் எழுத நேரமாகும் என்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

2025 பிப்ரவரியில் பிளஸ் விழுந்தது. ஆறாவது ரிவ்யூவைப் பார்த்த ஒருவரே ஸ்பான்சராகவும் வந்தார். பேக்கேஜுக்கான களஞ்சியம் கேட்டு வாங்கி, ஃபெடோராவின் கட்டும் அமைப்பான கோஜியில் கட்டியதும் ராஹைடில் போய்ச் சேர்ந்தது. வெளியாகியிருந்த பதிப்புக்கு, புதுப்பிப்புகளை வெளியிடும் போதி என்ற தளம் வழியாக அனுப்பினேன், ஒரு வாரம் சோதனையில் கிடந்து பிறகு எல்லோருக்கும் திறந்தது. பெரியப்பாவின் கணினியில் அவரையே கட்டளை அடிக்கச் சொன்னேன். ஒரு விரலால் தேடித் தேடி அடித்தார். முதலில் திறந்தது பள்ளத்தூர் வீட்டுப் பத்திரிகை ஒன்று. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழே வரை படித்தார், இரண்டு தடவை. பிறகு அடுத்த கோப்பைத் திறந்தார்.

பேக்கேஜ் உள்ளே போனதும் வேலை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பைத்தானின் புதிய பதிப்பு வரும்போது எல்லாவற்றையும் மறுபடி கட்டுவார்கள், நம்முடையது கட்டப்படாவிட்டால் அஞ்சல் வரும், நாம்தான் பார்க்க வேண்டும். எனக்கு இதுவரை இரண்டு தடவை வந்திருக்கிறது, இரண்டும் ஒரு சாயங்கால வேலை. இந்த வாரம் ஒரு தமிழ் விசைப்பலகைப் பேக்கேஜின் ரிவ்யூவை எடுத்திருக்கிறேன். போட்டவருக்கு இது முதல் பேக்கேஜ். அவருடைய மூலக் கட்டில் ஒரு எழுத்துரு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதையும், சந்தேகத்தால் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன்.